உலகநாதன் வீட்டு உறுமல்

உலகநாதன்மேல் பஞ்சவர்ணத்துக்கு என்றைக்குமே மதிப்பு இருந்ததில்லை. குமணன்சாவடி கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே வருகிற மண்பாதையில், தன் மாடி வீட்டை ஒட்டினாற்போல் அவர் கட்டியிருந்த நான்கு லைன் வீடுகளில் முதலாவதில் அவள் குடியிருந்தாள். அந்த இடம் முன்பு கத்தரிக்கொல்லை. அவள் அம்மா அங்கே கூலிக்குக் களை பறித்திருக்கிறாள். பெங்களூர் ரோட்டோரம் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியதும் உலகநாதன் கொல்லையைக் கூறு போட்டு மனையாக விற்றார். வந்த காசில் தனக்கு மொசைக் தரை போட்ட மாடி வீடும், வாடகைக்கு விட இந்த லைன் வீடுகளும் எழுந்தன. இதில் அவர் பட்ட பாடு என்று பார்த்தால், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது ஒன்றுதான். நடையோ, ஊரையே ஒற்றை ஆளாகச் செங்கல் சுமந்து கட்டியவர் நடை.

லைன் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது, விறகு கூடவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். புகை பட்டால் சுவரின் டிஸ்டெம்பர் பூச்சு கறுத்துவிடுமாம். அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு கரண்ட் அடுப்பு அவரே வாங்கி வைத்தார். லைன் வீடுகளுக்குத் தனி மீட்டர் கிடையாது, எல்லாம் அவர் மீட்டரிலேயே ஓடியது. கரண்ட்டுக்கும் சேர்த்து வாடகையை ஏற்றிக்கொண்டார். மற்ற மூன்று வீடுகளுக்கும் வேறு கம்பி போட்டவர், பஞ்சவர்ணம் வீட்டுக்கு மட்டும் தன் ஹாலிலிருந்தே சுவரைத் துளைத்து இழுத்திருந்தார். கொஞ்சம் கம்பி மிச்சம்.

முதல் மாதம் அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. அடுப்பின் கம்பிச் சுருள், அந்தக் காயில், செக்கச்செவேலென்று பழுக்கும். பஞ்சவர்ணம் திருமழிசையில் நட்டு போல்ட்டு கம்பெனி ஒன்றில் எடை போட்டுப் பொட்டலம் கட்டிவிட்டுப் பஸ் பிடித்து வருவாள். உலை வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் தண்ணீர் கொதிக்கும். அடுத்த மாதம் ஒரு நாள் உலகநாதன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்தார். சமையற்கட்டு சுவிட்சுப் பெட்டியைத் திறந்து உள்ளே ஏதோ செய்தார். பிறகு மூடி, திருகுகள்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றினார்.

"சேஃப்டிக்கு. இத்த யாரும் தொறக்கக் கூடாது," என்றார்.

அன்றிலிருந்து காயில் வாடின செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. சோறு வேக இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. மற்ற மூன்று வீட்டிலும் அதே கதைதான். போய்க் கேட்டதற்கு, "வோல்ட்டேஜ் கம்மிமே. அதெல்லாம் உனுக்குச் சொன்னா பிரியாது," என்றார். சின்ன வயசில் தபால் வழியாக ரேடியோ கோர்ஸ் படித்தவர் அவர். அந்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு மேலே மாட்டியிருந்தார். எலக்ட்ரிக் சமாசாரம் எதுவானாலும் ஒரு கண் அந்தச் சட்டத்தின் பக்கம் போய் வரும்.

எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில், துபாயில் வேலை பார்த்த மைத்துனன் அவருக்கு ஒரு ஸ்டீரியோ செட் கொண்டுவந்து கொடுத்தான். தூக்க முடியாத கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். உள்ளே வரச் சொல்லவில்லை. வராந்தாவில் நிற்கவைத்து, ஹாலின் கதவைத் திறந்து காட்டினார்.

"ஸ்பீக்கர் இருக்குன்னே மறந்துடணும். ஆளு எதுருல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அதான் ஹைஃபை," என்று சொல்லி நாதஸ்வர கேசட் ஒன்றைச் சொருகினார்.

நாதஸ்வரம் வந்தது. அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்துவிட்டது. உறுமல். தொண்டை கட்டின எருமை மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு 'ம்ம்ம்ம்'. ஸ்பீக்கரில் மட்டுமில்லை, ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உறுமியது. அதன்மேல் வைத்திருந்த பூச்சாடி நடுங்கியது.

இரண்டாம் வீட்டு ஆட்டோக்காரர் துலுக்கானத்தால் வாயை அடக்க முடியவில்லை. "இன்னா அண்ணாத்தே, உள்ள மாவு மிஷினு எதுனா ஓடுதா?"

வராந்தா சிரித்தது. உலகநாதன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று ஆரம்பித்தது அவருடைய போர். முதலில் ஈ.பி. லைன்மேனை அழைத்து, ஊர் டிரான்ஸ்பார்மரையே சந்தேகப்பட்டார். லைன்மேன் கம்பத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், டீ குடித்துவிட்டுப் போனான். அப்புறம் பக்கத்து மனைக்காரரின் போர்வெல் மோட்டாரைக் குறை சொல்லி அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கடைசியில் எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து, கொல்லையில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, கரியும் கல்லுப்பும் கொட்டி ஒரு செம்புத் தகட்டைப் புதைத்தார். அந்தக் குழி காயக் கூடாதாம். வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்துத் தினமும் காலையில் ஊற்றச் சொன்னார். அந்தக் கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. பஞ்சவர்ணம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை, ஒரு மனுஷன் பாட்டு கேட்பதற்காக மண்ணில் கொட்டினாள். அப்படிக் கொட்டும்போது அவள் வாயில் வந்ததை இங்கே எழுதுவதற்கில்லை.

உறுமல் சில நாள் இருக்கும், சில நாள் இராது. அது இல்லாத நாளில் குழியால்தான் என்பார். இருக்கிற நாளில் யார் வீட்டுக் குடம் குறைந்தது என்று கேட்பார். அப்புறம் சட்டங்கள் கூடின. சாயங்காலம் மிக்ஸி போடக் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது, டியூப் லைட்டும் கூடாது. அவர் ஹாலில் உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் அழுக்கு மஞ்சள் பல்பின் கீழே படித்தார்கள். அடுப்பைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஏன் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சவர்ணம் சோறு வடிக்க அடுப்பை அணைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் பட்டென்று நின்றது. வீணைச் சத்தம் தனியாக, தெளிவாக வந்தது. குழம்புச் சட்டியை வைத்து மறுபடி போட்டாள். 'ம்ம்ம்ம்.' வீணையை எருமை முழுங்கிவிட்டது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அணைத்தாள். வீணை. போட்டாள். எருமை. இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் வேலுசாமி பயந்து ஓடிவந்தான். சாதுவான ஆள். வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பான்.

"இன்னாடி ஆச்சு?"

அவள் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"போய் அவராண்ட சொல்லிடு. நம்ம அடுப்பாலதான்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடப் போறாரு."

"சொல்லவா? நானா?" என்றாள் பஞ்சவர்ணம். "தண்ணி ஊத்தச் சொன்னாரே, ஊத்திகினே கீறேன் பாரு. அவரு சர்ட்டிபிகேட்டு வாங்கின ஆளுப்பா. அவரே கண்டுபுடிக்கட்டும்."

அதற்கப்புறம் அவளுக்குச் சமையல் இனித்தது. உலகநாதன் காலையில் துலுக்கானத்தைப் பார்த்து, ஆட்டோவை வாசலில் நிறுத்தாதே என்று எகிறினால், சாயங்காலம் பஞ்சவர்ணம் உலையோடு வெந்நீரும் சேர்த்துப் போடுவாள். மூன்றாம் வீட்டுக் குப்பம்மாவைக் குழாயடியில் எல்லார் முன்னாலும் மட்டமாகப் பேசின அன்று பயறு வேகவைத்தாள். பாதிச் சூட்டில் அது வேகவே வேகாது. உறுமலும் நிற்கவே நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நடப்பது, பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகுவது, பெட்டியைத் தட்டுவது, மனைவியைத் திட்டுவது எல்லாம் கேட்கும். ஒரு ஆள் உயரக் குழி வெட்டின மனுஷன், ஒரு சாண் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. களை பறித்தவள் மகளிடம் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

ஆவணி மாதம் அவர் சில பெரிய மனிதர்களை வீட்டுக்கு அழைத்தார். ஃபைனான்ஸ் நடத்திய குணசேகரன்தான் அதில் முக்கியம். மனை வியாபாரத்தில் அவரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளப் பார்த்தார் உலகநாதன். அன்று மதியமே பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, "சாயந்தரம் வந்து டம்ளர் எல்லாம் கழுவிக் குடுத்துட்டுப் போ," என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை. அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் அவள் கொண்டைக்கடலையை அடுப்பில் ஏற்றினாள். பிறகு நிதானமாகப் போய், அவர் வீட்டுப் பின்கட்டில் டம்ளர் கழுவினாள். ஹாலில் உலகநாதன் புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"இதனுடைய துல்லியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு சிறு மூச்சுகூடக் கேட்கும்."

போட்டார். ம்ம்ம்ம்.

குணசேகரன் கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்டார். பிறகு, "மூச்சு கேக்குது அண்ணே. ஆனா யாரோ குறட்டை வுடுற மாதிரியில்ல கேக்குது," என்றார். கூட வந்தவர்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஈ.பி.காரனுங்கோ!" என்று உலகநாதன் கத்தினார். புத்தகத் தமிழ் ஜன்னல் வழியே ஓடிவிட்டது. "திருட்டுப் பசங்கோ குடுக்கற கரண்ட்டு அப்டி கீது, நான் இன்னா பண்றது?"

பஞ்சவர்ணம் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடலையைக் கிளறப் போனாள்.

அந்த அவமானம் தாங்காமல்தான் அவர் ராஜசேகரனை வரவழைத்தார். மவுண்ட் ரோடு பக்கம் கடை வைத்து, வெளிநாட்டு செட்டெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டார்களே என்ற சலிப்போடு வந்திறங்கினான். எர்த் குழியைப் பெருமையாகக் காட்டினார் உலகநாதன். "கெணறு வெட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவன் நேரே ஹாலுக்குப் போனான். ஆம்ப்ளிஃபயர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அன்று ஞாயிறு. பஞ்சவர்ணம் வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது.

"உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர்தான் உறுமுது. செட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. லைன்லதான் ஏதோ இருக்கு. இந்த வயரு எங்க போகுது?"

சுவரில் துளை வழியாகப் போன கம்பியைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பின்னாலேயே உலகநாதன், "அங்க ஒண்ணும் இல்ல சார், அங்க ஒண்ணும் இல்ல," என்று ஓடிவந்தார். ராஜசேகரன் அடுப்பை அணைக்கச் சொன்னான். பஞ்சவர்ணம் அணைத்தாள். ஹாலில் உறுமல் நின்றது. போடச் சொன்னான். போட்டாள். உறுமியது. அதற்குள் துலுக்கானமும் குப்பம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ராஜசேகரன் மெயினை நிறுத்தி, அரக்கைச் சுரண்டி, பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்து கட்டைவிரல் நுனி அளவு ஒரு கறுப்புச் சாமானை வெட்டியெடுத்து, கம்பியை நேராகச் சேர்த்து முறுக்கினான்.

"எந்த முட்டாள் இதுல டயோடு போட்டது?"

உலகநாதன் கூரையைப் பார்த்தார்.

"அது இன்னா பண்ணும் சார்?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"வர்ற கரண்ட்டுல பாதியத்தான் உள்ள விடும். அடுப்பு பாதிச் சூட்டுலதான் எரியும். பில்லு மிச்சம் பண்ண எவனாவது செய்யற வேல. அதனால லைனு ஒரு பக்கமா சாஞ்சிடும். இவரு செட்டுல இருக்கற பெரிய டிரான்ஸ்பார்மருக்கு அது ஒத்துக்காது. உறுமும்." டயோடை உலகநாதன் கையில் வைத்தான். "இத எடுத்தாச்சு. இனிமே உறுமாது." உடனே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

குப்பம்மா மெதுவாக, "அப்ப நம்ம ஊட்டுப் பொட்டியிலயும் இதான் கீதா?" என்றாள்.

"உங்க சேஃப்டிக்குத்தான்…" என்று ஆரம்பித்தார் உலகநாதன்.

"பாதி வெந்த சோறு இன்னா சேஃப்டி ஐயா?" என்றாள் பஞ்சவர்ணம். குரலை உயர்த்தவில்லை. "பொகை கூடாதுன்னு ஸ்டவ்வப் புடுங்கினீங்க. நீங்க குடுத்த அடுப்பையும் பாதி புடுங்கிகினீங்க. முழு கரண்ட்டுக்குத்தான வாடகை வாங்கினீங்க?"

வேலுசாமி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

அந்த மாதம் முழுக்க ஹாலில் பாட்டு சுத்தமாகக் கேட்டது. அவள் சமையற்கட்டில் காயில் பழுத்தது. மற்ற மூன்று வீட்டுப் பெட்டிகள் மட்டும் அரக்கோடு அப்படியே இருந்தன; அந்தக் கம்பி வேறு, அவர் பாட்டைத் தொடவில்லை. சுவர் வழியே வந்த வீணை நன்றாகவே இருந்தது என்பதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. உலை கொதிக்கும்போது சில சமயம் அங்கேயே நின்று கேட்டாள், அவ்வளவுதான். கேட்கக் கேட்க அவளுக்கு அந்த மனுஷன்மேல் ஏளனம் கூடியது. இவ்வளவு அழகாக ஒன்று தன் வீட்டுக்குள் கேட்க, அடுத்த வீட்டுச் சோறு வெந்தால் போதும் என்பது எவ்வளவு மலிவான பேரம்! அதுகூட அவருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கக் காத்திருந்தாள்.

கட்டுப்படியாகவில்லை. கரண்ட் பில் வந்த மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, பெட்டியில் புது அரக்கு பளபளத்தது. காயில் வாடியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எருமை திரும்பி வந்திருந்தது. அவள் நேரே போய் வராந்தாவில் நிற்காமல், ஹாலுக்குள்ளேயே நுழைந்தாள். அந்த மொசைக் தரையில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

உலகநாதன் சோபாவில் உட்கார்ந்து, உறுமலுக்கு நடுவே பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆறிலேருந்து எட்டு மணி வரைக்கும் நீ அடுப்பு மூட்டக் கூடாது. இது ஆர்டரு," என்றார் அவளைப் பார்க்காமலேயே.

"முழுசா எரிஞ்சா ஆறுக்குள்ள முடிச்சுக்குவேன். பாதி எரிஞ்சா எட்டு மணிக்கு மேல ஆவும். எது ஓணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"உங்கிட்ட நான் டைம் கேட்டுப் பாட்டு கேக்கணுமா? எங்க கொல்லையில களை பறிச்சவ பொண்ணு நீ!"

"ஆமா. எங்கம்மா வேர் வரைக்கும் பறிப்பா," என்றாள் பஞ்சவர்ணம். "நீங்க உறுமலையே கேளுங்க."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால், காதைத் தீட்டிக்கொண்டு, தானே விலைக்கு வாங்கின தொல்லையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தால் எதற்குக் கோபம்?

காலி பண்ணு என்று அவர் கத்தினது தெருவரை கேட்டது. அவள் காலி பண்ணவில்லை. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, குப்பம்மாவையும் துலுக்கானத்தையும் சேர்த்துக்கொண்டு, பூந்தமல்லியில் மின்சார வாரிய ஆபீசுக்குப் போனாள். ஒரே மீட்டரில் ஐந்து குடும்பம் ஓடுகிறது, எங்களுக்குத் தனித்தனி மீட்டர் வேண்டும் என்று கேட்டார்கள். பல தடவை நடந்தார்கள். துலுக்கானம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், சவாரிக் காசு வாங்காமல் வாசலில் காத்திருந்தார். வேலுசாமிகூட ஒரு தடவை வந்தான். உள்ளே வரவில்லை, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். ஆனாலும் வந்தான். ஒரு நாள் அதிகாரி நேரில் வந்து பார்த்து, வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். 'அபராதம்' என்ற ஒரு வார்த்தைதான் குழாயடி வரை கேட்டது. உலகநாதன் சட்டைக் காலரெல்லாம் நனைந்து திரும்பி வந்து, எல்லோருக்கும் மீட்டர் போட ஒப்புதல் கொடுத்தார்.

அதற்கு முந்தின வாரமே அவர் செட்டைக் குணசேகரனுக்கு விற்றுவிட்டிருந்தார். "இந்த ஏரியா கரண்ட்டு இதுக்கு லாயக்கில்ல. அருமை தெரிஞ்சவன் வெச்சுக்கற சாமானுக்கு ஏத்த ஊரும் வோணும்," என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மீட்டர் வந்தது. புதுக் கம்பி வந்தது. பழைய பெட்டிகள் நான்கையும் பிடுங்கி எறிந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் பஞ்சவர்ணம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் காரில் வந்து இறங்கினார். உலகநாதன் வாசலுக்கு ஓடிவந்து வரவேற்றார்.

"அண்ணே, உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் குணசேகரன். "செட்டு என் வீட்டுல போட்டதுலேருந்து ஒரு சத்தம் இல்ல. கண்ணாடி மாதிரிப் பாடுது. ஏன் வித்தீங்கன்னு என் பொண்டாட்டி தெனமும் கேக்கறா."

"இங்க லைன் சரியில்லாம இருந்துச்சு," என்றார் உலகநாதன்.

"இப்ப?"

உலகநாதன் குழாயடிப் பக்கம் பார்த்தார். பஞ்சவர்ணம் குடத்தைச் சாய்த்துக் கழுவிக்கொண்டே, "இப்ப சரியாப் பூட்ச்சு சார். நாங்க சொந்தமா மீட்டர் போட்டுகினோம்," என்றாள்.

கொஞ்ச நேரம் உலகநாதனின் கை கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "குணசேகரா, அத்த திருப்பிக் குடுக்கறியா? மேல போட்டுத் தரேன்," என்றார்.

குணசேகரன் முதலில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் இன்னும் பலமாகச் சிரித்தார். "அருமை தெரிஞ்சவன் வெச்சுக்கற சாமான்னு நீங்கதானண்ணே ஊரெல்லாம் சொன்னீங்க," என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் சேற்றை வாரித் திரும்பிப் போன பிறகும் உலகநாதன் வாசலிலேயே நின்றார். பாவம் என்று ஒரு நினைப்பு தனக்கு வருகிறதா என்று பஞ்சவர்ணம் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. நிரம்பின குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவரைத் தாண்டி உள்ளே போனாள். வேலுசாமி பசியோடு உட்கார்ந்திருந்தான்.